தாத்தாவின் கப்சாய் ஏன் உதறுகிறது?



பழைய மோட்டாரை எடுத்துப் புதுசாக்குவது நம் பிள்ளைகளிடம் நன்றாகவே பரவியிருக்கிறது. தோட்டத்து வீட்டுக் கொட்டகையில் பத்துப் பதினைந்து வருஷமாகக் கோழி அடைந்துகிடந்த ஹோண்டா சி70-ஐ வெளியே இழுக்கிறார்கள். கழுவி, சாயம் அடித்து, ரிம்முக்குக் குரோம் பூசி, ஆயுத பூஜையன்று சந்தனம் வைத்து மாலை போட்டு நிறுத்துகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் ரோட்டில் ஓட்டிப் பார்த்த பிறகு வருகிற புகார் பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணே, நாப்பதைத் தாண்டுனா உதறுது. கண்ணாடியில பின்னாடி வர்ற காரு ரெண்டாத் தெரியுது."

இந்த மாதப் பாடம் அந்த உதறலைப் பற்றியது. கிளைகளில் சனிக்கிழமை வகுப்பு நடத்துகிறவர்கள் ஒரு மோட்டாரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு இதைப் படித்தால் நல்லது.

உதறலைச் சிலர் சொகுசுப் பிரச்சினை என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி இல்லை. உதறுகிற வண்டியில் நட்டுகள் தானாகக் கழலும், தகடுகள் விரியும், விளக்கு இழை அறுந்து இரவில் இருட்டில் விட்டுவிடும். நம் நாட்டில் சாலை விபத்தில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். நாம் ஆசையாகச் செய்து நிறுத்துகிற வண்டி அந்தக் கணக்கில் ஒன்றைக் கூட்டக் கூடாது. எலுமிச்சம்பழத்தின் மேல் டயரை ஏற்றுவதற்கு முன்னால் ஆக்ஸல் நட்டைப் பார்த்துவிட வேண்டும்.

மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வைத்தியனுக்கு ஒரு வரிசை வைத்திருக்கிறார். முதலில் என்ன நோய் என்று பார்ப்பது, பிறகு அது எதனால் வந்தது என்று தேடுவது, அப்புறம்தான் வைத்தியம். நம் ஆட்கள் பலர் மூன்றாவதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். உதறுகிறதா? "கிராங்க் போச்சு, மாத்து." மாற்றியும் உதறுகிறதா? "பேரிங்கை மாத்து." சாமான் கடைக்காரருக்கு நல்ல வியாபாரம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கப்சாய் உதறத்தான் செய்யும். 'கப்' என்பது ஹோண்டா 1958-இல் வெளியிட்ட சூப்பர் கப் வண்டியின் பெயர். 'சாய்' என்பது சின்னது, குட்டி என்று சொல்ல கேண்டனீஸ் மொழியில் சேர்க்கிற சொல். அந்தக் குடும்பத்தில் வந்த சி70-க்கு ஒரே சிலிண்டர், 72 சிசி. பிஸ்டன் 47 மில்லிமீட்டர் அகலம், 41.4 மில்லிமீட்டர் தூரம் ஓடுகிறது. கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றும்போது பிஸ்டன் ஒரு முறை போய், நின்று, திரும்பி வந்து, மறுபடி நிற்கிறது. ஓடுகிற பொருளை நிறுத்தித் திருப்பினால் அது தாங்கியிருப்பதை உதைக்கும். அந்த உதையைச் சமாளிக்கத்தான் கிராங்க்கின் எதிர்ப்பக்கத்தில் எடை வைத்திருக்கிறார்கள். ஆனால் பிஸ்டன் நேர்க்கோட்டில் போய் வருகிறது, எதிர் எடையோ வட்டமாகச் சுற்றுகிறது. அதனால் முழு உதையையும் அடக்க முடியாது, ஒரு பங்கைத்தான் அடக்கலாம். மிச்சம் உங்கள் கைக்கும் காலுக்கும் வந்து சேரும். ஆகவே நாம் தேடுவது இயல்புக்கு மேல் வருகிற உதறலை. இதற்கு ஒரு நல்ல வழி, அதே மாடல் வண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டு ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பது. கை ஒரு தடவை சரியான வண்டியைப் பிடித்துவிட்டால் மறக்காது.

அடுத்தது, இந்தப் பாடத்தின் முக்கியமான கேள்வி: உதறல் எதோடு கூட வருகிறது? இன்ஜின் சுற்றும் வேகத்தோடா, சக்கரம் ஓடும் வேகத்தோடா, ஆக்ஸிலேட்டரை முறுக்குவதோடா?

இந்த மூன்றையும் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிரிப்பதும் கஷ்டமில்லை, ஏனென்றால் இன்ஜினும் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. சி70-இன் 17 அங்குலச் சக்கரம் டயரோடு சேர்த்து ஒரு சுற்றில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மீட்டர் போகும். மணிக்கு 50 கிலோமீட்டரில் அது வினாடிக்கு எட்டு சுற்று. அதே நேரத்தில் மூன்றாவது கியரில் இன்ஜின் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே சக்கரத்திலிருந்து வருவது 'தட தட தட' என்று கிட்டத்தட்ட எண்ணிவிடக்கூடிய ஆட்டம். இன்ஜினிலிருந்து வருவது உள்ளங்கை மரத்துப்போகிற 'ர்ர்ர்' என்ற அதிர்வு. பழகிய ஃபோர்மேன் இதை வைத்தே பாதி சொல்லிவிடுவார்.

பழகாதவர்களுக்கு மூன்று சோதனைகள்.

முதலாவது, வண்டியை டபுள் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு மெதுவாக முறுக்குங்கள். நின்ற இடத்திலேயே அதே உதறல் வந்தால் சக்கரத்தையும் செயினையும் மறந்துவிடலாம். வராவிட்டால் இன்ஜின் மேல் உள்ள சந்தேகம் குறைகிறது, முழுதாக நீங்கவில்லை. சுமை இல்லாத இன்ஜின் சாதுவாக இருக்கும்.

இரண்டாவதுதான் எனக்குப் பிடித்த சோதனை. போக்குவரத்து இல்லாத, நேரான, நல்ல ரோட்டில், பகலில், ஹெல்மெட்டோடு, மணிக்கு 30 கிலோமீட்டரில் இரண்டாவது கியரில் ஓட்டுங்கள். பிறகு அதே 30-இல் மூன்றாவது கியர். சக்கரம் அதே வேகத்தில்தான் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் மாறியிருக்கிறது. உதறலின் குணம் மாறினால் இன்ஜின். மாறாமல் அப்படியே இருந்தால் சக்கரம், டயர், ஸ்டீரிங் பக்கம். உதறல் 45-இல்தான் வருகிறது என்றால் 45-இல் இரண்டு கியரையும் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது நியூட்ரலுக்குப் போட்டுப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கப்சாயில் அதை நான் சிபாரிசு செய்வதில்லை. மிதிக்கிற கணக்குத் தப்பி முதல் கியர் விழுந்தால் பின் சக்கரம் இறுகிவிடும்.

மூன்றாவது, உதறல் வரும் வேகத்தில் ஆக்ஸிலேட்டரை மூடுங்கள், பிறகு திறங்கள். திறக்கும்போது மட்டும் வருகிறதா? 'டக்' என்று ஒரு அடி கேட்கிறதா? அப்படியானால் செயின், ஸ்ப்ராக்கெட், பின் ஹப்புக்குள் இருக்கும் ரப்பர்கள், இன்ஜினைத் தாங்கும் போல்ட்டுகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

இதோடு, எங்கே உணர்கிறீர்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஹேண்டிலில் ஆடினால் முன்சக்கரமும் ஸ்டீரிங்கும். சீட்டில் ஆடினால் பின்சக்கரமும் ஸ்விங் ஆர்மும். கால் வைக்கும் கம்பியில் அதிகம் என்றால் இன்ஜின். சி70-இல் அந்தக் கம்பி இன்ஜினுக்கு அடியிலேயே நான்கு போல்ட்டில் பிடித்திருக்கிறது, ஆகவே இன்ஜின் பேசுவது நேராகக் காலுக்கு வரும். இது நூறு சதவீதம் சரியாக வராது, தகட்டு உடம்பு அதிர்வை இங்கிருந்து அங்கே கடத்தும். ஆனாலும் குறிப்புப் புத்தகத்தில் 'வேகம், கியர், எங்கே' என்ற மூன்று கட்டம் போட்டு எழுதினால் பட்டறையில் போய் நிற்கும்போது உங்களை யாரும் சுலபமாக ஏய்க்க முடியாது.

உதறல் சீராக இருக்கிறதா, விட்டு விட்டு வருகிறதா என்பதும் முக்கியம். விட்டு விட்டு, இருமுவதுபோல் வந்தால் அது எரிதலில் உள்ள கோளாறு. பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர், பாயின்ட் உள்ள மாடலில் பாயின்ட் இடைவெளி 0.3 முதல் 0.4, வால்வு இடைவெளி இன்ஜின் ஆறியிருக்கும்போது 0.05. இவற்றைச் சரி செய்து, கார்புரேட்டரைக் கழுவி, பிறகு மறுபடி ஓட்டிப் பாருங்கள். இதற்கெல்லாம் காசு அதிகம் ஆகாது.

இப்போது புதுப்பித்த வண்டிக்கே உரிய விஷயத்துக்கு வருவோம். தினமும் ஓடுகிற வண்டி உதறினால் தேய்மானத்தைத் தேடுவோம். புதுப்பித்த வண்டி உதறினால் முதலில் நாம் கை வைத்த இடத்தைத் தேட வேண்டும். எதைக் கழற்றினோம், எதற்குச் சாயம் அடித்தோம், எதை மாற்றினோம் என்ற பட்டியல் உங்களிடம் இருக்க வேண்டும். உதறலின் காரணம் பெரும்பாலும் அந்தப் பட்டியலுக்குள்தான் இருக்கும்.

ஒரு தம்பியின் வண்டியைச் சொல்கிறேன். அவனுடைய தாத்தா பால்மரம் வெட்டியவர். காலையில் பால் வாளிகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிறைக்குப் போய்வந்த சி70 அது. தாத்தா போன பிறகு வீட்டில் மிஞ்சிய அவருடைய பொருள் என்று பார்த்தால் அந்த வண்டியும் ஒரு டார்ச் லைட்டும்தான். பேரன் பகுதி நேர வேலை செய்து சேர்த்த காசில் ஒவ்வொன்றாகச் செய்தான். உடம்புக்குப் பவுடர் கோட்டிங், ரிம்முக்குப் புதுக் குரோம், புது ஸ்போக், பிஸ்டன் ஒரு அளவு கூட்டி போரிங். எல்லாம் பூட்டி ஓட்டினால் 45-இல் கால் கூசுகிறது, கண்ணாடி மங்குகிறது. ஒரு பட்டறையில் காட்டினான். இன்ஜினைத் திறக்காமலே கிராங்க் செட் முழுவதும் மாற்ற வேண்டும் என்று சில நூறு வெள்ளி கேட்டார்கள். பையனிடம் அவ்வளவு இல்லை. கழற்றிச் சாமான் சாமானாக விற்றுவிடலாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டான்.

இரண்டு கியர் சோதனை செய்தபோது உதறல் மாறியது, ஆகவே இன்ஜின் பக்கம். ஸ்டாண்டில் நின்றபடி முறுக்கினால் கொஞ்சம்தான் வந்தது, சுமை ஏறும்போது நிறைய வந்தது. அடுத்துக் கிராங்க்கைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஒரு ஸ்பேனரை எடுத்து இன்ஜினைத் தாங்கும் போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்தோம். சி70-இன் இன்ஜின், உடம்பின் தகட்டில் இரண்டு நீண்ட போல்ட்டில் தொங்குகிறது. கீழ் போல்ட்டின் நட்டு கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று சுற்றியது.

"நான் நல்லா இறுக்குனேன் அண்ணே, கையே வலிச்சுச்சு" என்றான். அவன் சொன்னது உண்மைதான். இறுக்கியது இரும்பின் மேல் இல்லை, சாயத்தின் மேல். பவுடர் கோட்டிங் தடிப்பாக இருக்கும். இன்ஜின் காது உட்காரும் தகட்டின் உள்பக்கம், வெளிப்பக்கம், நட்டு உட்காரும் இடம் எல்லாவற்றிலும் அது படிந்திருந்தது. இறுக்கும்போது கல்லு மாதிரி நின்றது. இன்ஜின் சூடும் அதிர்வும் சேர்ந்து அந்தச் சாயம் நசுங்கியது. நசுங்கிய அளவுக்குப் பிடி தளர்ந்தது. பிடி தளர்ந்த இன்ஜின் போல்ட்டில் தொங்கி அடித்துக்கொண்டிருந்தது. போல்ட்டை உருவிப் பார்த்தால் நடுவில் பளபளவென்று தேய்ந்த ஒரு வளையம்.

வைத்தியம் எளிது. இன்ஜினை இறக்கி, காது தொடும் எல்லா முகங்களிலும் சாயத்தைச் சுரண்டி வெறும் இரும்பைக் கொண்டுவர வேண்டும். துரு பிடிக்காமல் மெல்லிசாகக் கிரீஸ் பூசலாம். போல்ட் புதிதாக, சரியான தடிப்பில் வாங்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: ஹார்டுவேர் கடையில் முனைமுதல் தலைவரை மரை வெட்டிய போல்ட் கிடைக்கும், அதைப் போடாதீர்கள். ஓட்டைக்குள் இருக்கும் பகுதி மரையில்லாமல் வழவழப்பாக இருக்க வேண்டும். மரை இருந்தால் அது அரம் மாதிரி ஓட்டையை அரித்துவிடும். ஓட்டை ஏற்கெனவே முட்டை வடிவத்துக்கு விரிந்திருந்தால் போல்ட்டை மாற்றிப் பயனில்லை, நல்ல வெல்டிங் தெரிந்தவரிடம் அடைத்து மறுபடி துளை போட வேண்டும். இந்தத் தம்பிக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. போல்ட், நட்டு, வாஷர் எல்லாம் சேர்த்து ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான் ஆனது.

அத்தோடு முடியவில்லை. கால் கூச்சம் போய்விட்டது, ஆனால் 50-இல் சீட்டில் ஒரு ஆட்டம் மிச்சம் இருந்தது. கியர் மாற்றியும் அது மாறவில்லை. முதலில் அது தெரியவே இல்லை, பெரிய உதறலுக்குள் மறைந்திருந்தது. பழைய வண்டியில் இரண்டு மூன்று கோளாறு ஒன்றாகக் குடியிருப்பது சகஜம். அதனால்தான் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். நான்கை ஒரே நாளில் மாற்றினால் எது குணப்படுத்தியது, எது புதிதாகக் கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

சீட்டில் வந்தது பின் ரிம்மின் ஆட்டம். புது ஸ்போக் போட்ட சக்கரம் முதல் சில நாள் ஓட்டத்தில் கொஞ்சம் தளரும், மறுபடி இறுக்கிச் சரிபார்க்காவிட்டால் கோணும். வீட்டிலேயே பார்க்கலாம். டபுள் ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்விங் ஆர்மில் ஒரு பிளாஸ்டிக் கட்டு வாரைக் கட்டி, அதன் முனை ரிம்மைத் தொடத் தொடாமல் நிற்கும்படி வெட்டி, சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். ரிம் பக்கவாட்டிலோ மேல் கீழாகவோ 2 மில்லிமீட்டருக்கு மேல் ஆடக் கூடாது. பிறகு சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்கையும் தட்டுங்கள். இறுகியது 'டிங்' என்னும், தளர்ந்தது 'டொக்' என்னும். உறுமி மேளம் அடிக்கிற தம்பிகளுக்கு இதை நான் சொல்லித்தரத் தேவையில்லை, தோல் தளர்ந்தால் காது உடனே சொல்லிவிடும். ஆனால் தளர்ந்த ஒன்றை மட்டும் முறுக்கிக்கொண்டே போகாதீர்கள். எதிர்ப்பக்கத்தையும் சேர்த்து, கால் சுற்று கால் சுற்றாகத்தான். அதிகமாக இறுக்கினால் ஹப் கோணி, பிரேக் பிடிக்கும்போது இழுத்து இழுத்து விடும். அந்த ஆட்டத்தையும் சிலர் டயரின் மேல் பழி போடுவார்கள்.

டயர் என்றதும் இன்னொன்று. கடையில் பல வருஷம் கிடந்த டயரைப் 'புது டயர்' என்று மலிவாகத் தருவார்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 1418 என்றால் 2018-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரத்தில் செய்தது. அதேபோல் டயர் ரிம்மில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ரிம்மை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு ஓடும், அது சுற்றிலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். வீல் பேலன்ஸ் எடை ஒட்டுவதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கப்சாய் போகிற வேகத்துக்கு அது கடைசிக் கவலை.

செயினைப் பார்க்கும்போது ஒரே இடத்தில் தொய்வைப் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி ஐந்தாறு இடத்தில் பாருங்கள். ஓர் இடத்தில் இறுக்கமும் ஓர் இடத்தில் தளர்ச்சியும் இருந்தால் செயினையும் ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். பின் ஹப் ரப்பர் கல்லாகிப்போயிருந்தால் அதையும் மாற்றுங்கள், விலை சொற்பம். ஸ்டீரிங் பந்துகளுக்கு, முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்றால் தளர்ச்சி. ஹேண்டில் நேராக இருக்கும் இடத்தில் பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றால் பந்து ஓடும் வளையம் குழிந்துவிட்டது.

இவ்வளவும் பார்த்த பிறகும் இன்ஜின் உதறல் போகவில்லை என்றால்தான் கிராங்க். அதற்கும் முதலில் இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். இடப்பக்க மூடியைத் திறந்து, பிளக்கைக் கழற்றிவிட்டு, ஃப்ளைவீலைக் கையால் சுற்றி அதன் விளிம்பு கோணி ஓடுகிறதா என்று பாருங்கள். பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் தெரிந்தால் மெயின் பேரிங் போய்விட்டது. ஃப்ளைவீல் நட்டு தளர்ந்து, உள்ளே சாவி தேய்ந்திருந்தாலும் இதே கதைதான், ஆனால் செலவு வேறு. ஒரு நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை பேரிங் இருக்கும் இடத்தில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டால் கரகரப்பு தனியாகக் கேட்கும். கிராங்க்கை நேர்செய்வது வீட்டில் சுத்தியலால் செய்கிற வேலை இல்லை, அளவு கருவி வைத்திருக்கும் லேத் கடைக்குத்தான் போக வேண்டும்.

பிஸ்டனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரை மில்லிமீட்டர் கூட்டி போரிங் செய்வதால் பெரிய மாற்றம் வராது. ஆனால் சிலர் வேகத்துக்காக மிகப் பெரிய பிஸ்டன் போடுகிறார்கள். பிஸ்டன் கனம் கூடினால் ஹோண்டா கணக்குப் பார்த்து வைத்த எதிர் எடை போதாமல் போகிறது, உதறல் அங்கேயே பிறக்கிறது. அதை எந்த போல்ட்டை இறுக்கியும் தீர்க்க முடியாது. ஜேபிஜே அனுமதி இல்லாமல் இன்ஜின் அளவை மாற்றுவது சட்டத்துக்கும் விரோதம். தாத்தா பெயரிலேயே இருக்கும் கெரானை மாற்றும் வேலையும் இருக்கிறது, அதைப் பரிசோதனைக்கு நிற்கிற அன்றைக்கு நினைத்துக்கொண்டால் ஆகாது.

கடைசியாக, எல்லாம் சரியாகி வண்டி நன்றாக ஓடும்போது செய்ய வேண்டியது. இறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் வெள்ளைச் சாயத்தால் நட்டிலிருந்து தகடுவரை ஒரு கோடு போடுங்கள். கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்த உடனே தெரியும். 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு தடவை, 300 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு தடவை, இன்ஜின் ஆறியிருக்கும்போது இன்ஜின் போல்ட், ஆக்ஸல் நட்டு, கால்கம்பி போல்ட், ஹேண்டில், ஸ்போக் எல்லாவற்றையும் சரிபாருங்கள். அந்தத் தம்பி 300-இல் பார்த்தபோது கீழ் நட்டின் கோடு அப்படியே இருந்தது, பின் சக்கரத்தில் மூன்று ஸ்போக் மட்டும் கால் சுற்றுக் கேட்டது.